இறுகிப்போன தோள்: உடம்பே சரி செய்துகொள்ளும் என்றால் எனக்கு எதற்குப் பத்து சிட்டிங்?

பாப்பாரப்பட்டி டெய்லர்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 53. பாப்பாரப்பட்டியில் 26 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், சட்டை, மே ஜூன் வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம். நாலு மாதமாக வலது தோள் மக்கர் செய்கிறது.

முதலில் ஒரு ராத்திரி வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. சுளுக்கு என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் மேல் தட்டிலிருந்து லைனிங் துணி எடுக்கப் போனால் கை காதுக்கு மேலே ஏற மறுத்தது. இப்போது சட்டை போட வலது கையை முதலில் நுழைத்து, அப்புறம் மற்றதை நுழைக்க வேண்டியிருக்கிறது. பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுக்க முடியாமல் அதை இடது பக்கம் மாற்றிவிட்டேன். கத்திரி பிடித்து வெட்டுவதற்கு ஒன்றும் தொந்தரவு இல்லை. அயர்ன் பெட்டியை மேசை மேல் தள்ளுவதும் சரி, தூக்கி நிமிர்த்தி வைக்கும்போதுதான் உயிர் போகிறது. சட்டைக்கு மார்பளவு எடுக்க, நிற்பவரின் முதுகைச் சுற்றி டேப்பைக் கொண்டுபோக வேண்டுமல்லவா? அந்தக் கை வராது. என் மனைவி மிஷினை விட்டு எழுந்து வந்து மறுமுனையைப் பிடிக்கிறாள். 26 வருடத்தில் இப்படி ஆனதில்லை.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. மெடிக்கலில் மாத்திரை, களிம்பு. மாமியார் வந்து தலையணையை வெயிலில் போட்டார்கள், தோள் மேல் உலக்கையை உருட்டினார்கள். தை மாதம் சொந்தக்காரர்கள் வந்தபோது ஒகேனக்கல் போனோம். அங்கே எண்ணெய் தேய்த்து விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் என்னைப் பாறை மேல் குப்புறப் படுக்க வைத்து நன்றாகத்தான் தேய்த்தார். தோளைச் சொன்னதும் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி ஒரே இழு. சடக்கென்று சத்தம். “கட்டு விட்டுப்போச்சு சார்” என்றார். தண்ணீரில் நின்றபோது சுகமாகவே இருந்தது, மீன் வறுவல் சாப்பிட்டு வீடு வந்து சேர்ந்தோம். அன்று ராத்திரி தொடங்கி பத்து நாள் நான் உட்கார்ந்தபடிதான் தூங்கினேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளில் அவர் கைக்கு எத்தனையோ உடம்பு வருகிறது, அதில் என்னுடையது ஒன்று.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவன் போன மாதம் ஒரு சென்டருக்குக் கூட்டிப்போனான். எண்ணெய் கிடையாது, சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. படுக்க வைத்து, இடுப்பில் இரண்டு இடம், முதுகில் சில இடம் என்று கட்டைவிரலால் தசை மேல் லேசாக ஒரு உருட்டு. நாங்கள் காஜா எடுத்த இடத்தைத் தடவிப் பார்ப்போமே, அந்த அளவு அழுத்தம்தான். இரண்டு மூன்று உருட்டு ஆனதும் அறையை விட்டு வெளியே போய்விடுவார். இரண்டு நிமிடம் கழித்து வருவார், இன்னும் இரண்டு உருட்டு, மறுபடி வெளியே. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முக்கால் மணி நேரத்தில் அவர் விரல் என் மேல் பட்டது பத்து நிமிடம் இருந்தால் அதிகம்.

எழுந்ததும் கேட்டேன், இது எப்படி வேலை செய்கிறது என்று. “நாங்க எதையும் சரி பண்றதில்லைங்க. உடம்புக்கு ஒரு தகவல் கொடுக்கிறோம். உடம்பே தன்னைச் சரி செஞ்சுக்கும்” என்றார். ஒரு சிட்டிங் 900 ரூபாய். பத்தையும் முன்பணமாகக் கட்டினால் 8000.

உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஆனால் காலையில் கை அதே இடத்தில்தான் நின்றது.

என் கேள்வி இதுதான். உடம்பே சரி செய்துகொள்ளும் என்றால் 8000 எதற்கு? நான் ஒரு வாடிக்கையாளரிடம் “நான் எதுவும் தைக்கவில்லை அம்மா, துணிக்கு ஒரு தகவல் கொடுத்தேன், அதுவே தைத்துக்கொள்ளும், கூலி மட்டும் வையுங்கள்” என்றால் விடுவார்களா? இல்லை, எனக்குப் புரியாத ஏதாவது அதில் இருக்கிறதா? பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய் வந்தால் ஒரு நாள் வேலை போகிறது. யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓசூர் பி ஷிப்ட்:

அண்ணா, நீங்கள் சொல்வது போவன் முறை. டாம் போவன் என்று ஆஸ்திரேலியாவில் ஜீலாங் ஊர்க்காரர் ஆரம்பித்தது. 1982இல் இறந்துவிட்டார், அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. நடுவில் வெளியே போவதும் முறையில் ஒரு பகுதிதான். தொட்டதை உடம்பு வாங்கிக்கொள்ள நேரம் கொடுக்கிறார்கள். உங்களை ஏமாற்றிவிட்டு டீ குடிக்கப் போனார் என்று நினைக்காதீர்கள்.

நான் நைட் ஷிப்ட்டில் எட்டு மணி நேரம் குனிந்து நிற்கிற வேலை. கழுத்து கல் மாதிரி இருக்கும். ஆறு சிட்டிங் போனேன். மூன்றாவதிலேயே கழுத்து திரும்பியது, தூக்கம் வந்தது. மாத்திரை போட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டதற்கு இது மேல். ஒரு சிட்டிங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாலு மாத வலி ஒரே நாளில் போகுமா?


கெலமங்கலம் குசும்பன்:

டெய்லரண்ணே, உலக்கையில் தப்பில்லை. உருட்டியது மாமியார். அங்கேதான் கோளாறு.


தருமபுரி பிசியோ:

ஐயா, நான் பதினோரு வருடமாக இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது பாடப்புத்தகத்தில் இருப்பது மாதிரியே இருக்கிறது: ராத்திரி வலி, மேலே ஏறாத கை, முதுகுக்குப் பின்னால் போகாத கை. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டு, முன்கைகளை மட்டும் ரெட்டைக் கதவு திறப்பது போல வெளிப்பக்கம் திறங்கள். இடது கதவு திறந்து வலது கதவு பாதியில் நின்றால், உங்கள் மனைவி மெதுவாகத் தள்ளியும் அது நகரவில்லை என்றால், உறைந்த தோளாக இருக்க வாய்ப்பு அதிகம். சித்த மருத்துவர்கள் கும்பவாதம் என்பார்கள். ஒரு டாக்டரிடம் காட்டி, எக்ஸ்ரே ஒன்று எடுத்து, தேய்மானம் மாதிரி வேறு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். தோள் மூட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. அக்குள் பக்கத்தில் அதில் தளர்வாக ஒரு மடிப்பு உண்டு. கை மேலே போகும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கிறது. இந்த நோயில் உறை முதலில் அழன்று, அப்புறம் தடித்துச் சுருங்குகிறது. மடிப்பு போய்விடுகிறது. அக்குளில் துணி விடாமல் பிடித்துத் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் எப்படி இருக்கும்? அதுதான்.

இது மூன்று கட்டமாகப் போகும். வலி கூடிக்கொண்டே போய் இறுகுகிற காலம் இரண்டிலிருந்து ஒன்பது மாதம். வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கிற காலம் நாலிலிருந்து பன்னிரண்டு மாதம். அப்புறம் மெல்ல இளகுகிற காலம், ஐந்து மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். நீங்கள் ஒகேனக்கல் போனது முதல் கட்டத்தில். அழன்று கிடக்கிற உறையைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது.

நெதர்லாந்தில் 77 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2004இல் வெளியானது. ஒரு குழுவுக்கு வலித்தாலும் பரவாயில்லை என்று நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றொரு குழுவிடம் நோயை விளக்கிச் சொல்லி, வலிக்காத எல்லைக்குள் கையை அசைத்துக்கொண்டிருங்கள், முடிந்த வேலையைச் செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வருட முடிவில் விட்டுவிட்ட குழுவில் 89 சதவீதம் பேருக்குத் தோள் நல்ல நிலைக்கு வந்திருந்தது. நீட்டி மடக்கிய குழுவில் 63. சிறிய ஆய்வுதான். ஆனால் படித்த நாளிலிருந்து என் கை கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அதற்கு முன்னால் நானும் நோயாளியைக் கத்த வைத்தவன்தான்.

ஆகவே உடம்பு தானே சரி செய்துகொள்ளும் என்று அந்த சென்டர்காரர் சொன்னது பொய் இல்லை, பெரும்பாலும் அப்படித்தான். அவர் சொல்லாமல் விட்டது காலக்கணக்கை. தானாக இளகப்போகிற தோளுக்கு, இளகும் மாதத்தில் யார் கை மேலே இருக்கிறதோ அவருக்குப் பெயர் போய்விடும், அது நானாக இருந்தாலும் சரி. போவன் முறைக்கு உறைந்த தோளில் 20 பேரை வைத்து ஒரு ஆய்வு உண்டு. எல்லோரும் தேறினார்கள் என்றுதான் வந்தது, ஆனால் சிகிச்சை பெறாதவர்களை எதிரில் வைத்து ஒப்பிடவில்லை. தானாகவே தேறுகிற நோயில் அந்த ஒப்பீடு இல்லாமல் எதைச் சொல்ல முடியும்? ஆஸ்திரேலிய அரசு 2015இல் இந்த மாதிரி முறைகளை ஆராய்ந்து, போதிய ஆதாரம் இல்லை என்று 2019 ஏப்ரலிலிருந்து இதற்கெல்லாம் தனியார் காப்பீட்டில் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அது பிறந்த நாட்டிலேயே இப்படி.

ஆஸ்பத்திரி சிகிச்சை மட்டும் மந்திரமா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்தில் 503 பேரை வைத்து, ஸ்டீராய்டு ஊசியோடு பிசியோ, மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்து விடுவது, துளை போட்டு ஆபரேஷன் என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். 2020இல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது என்ன செய்யலாம் என்றால்: இடது கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு, கழுத்தில் போட்ட அளவு டேப் ஆடுவது போல ஆடவிடுங்கள். கையை நீங்கள் ஆட்ட வேண்டாம், உடம்பை லேசாக அசைத்தால் அது தானே ஆடும். உங்கள் மீட்டர் கட்டையை இரண்டு கையிலும் பிடித்து, முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, இடது கையால் கட்டையைத் தள்ளி வலது கையை வெளிப்பக்கம் திறங்கள். வலி ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். தினம் மூன்று நாலு தடவை போதும். முன்னதாக வெந்நீர் ஒத்தடம். ராத்திரி வலி தாங்க முடியவில்லை என்றால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி ஒன்று உண்டு. சீக்கிரம் போட்டால் சில வாரங்களுக்கு வலி நன்றாகக் குறையும். அதை எலும்பு டாக்டர் முடிவு செய்யட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்தத் தோள் பல மடங்கு அதிகம் வருகிறது, நீண்ட நாள் நிற்கிறது. சிலருக்குச் சர்க்கரை இருப்பதே தோளைக் காட்ட வரும்போதுதான் தெரிகிறது. தைராய்டும் பார்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரி போக நேரமில்லை என்று சொல்ல வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் ஊருக்கே வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் நம் பக்கத்து மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தானே.

கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வீங்கிச் சிவந்த மூட்டு, கை மரத்துப்போவது, நடக்கும்போது மார்பும் தோளும் சேர்ந்து கனத்து வியர்ப்பது, இதெல்லாம் வேறு கதை. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த விவாதத் திரியை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.


பாப்பாரப்பட்டி டெய்லர்:

கதவு திறந்து பார்த்தேன் சார். இடது முழுசாகத் திறக்கிறது. வலது கதவுக்குப் பின்னால் யாரோ மூட்டை வைத்த மாதிரி நிற்கிறது. மனைவி தள்ளியும் நகரவில்லை.

துணி விடாத ஜாக்கெட் என்றீர்களே, அது ஒன்றே போதும், விளங்கிவிட்டது. அப்படி ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கையை வெடுக்கென்று தூக்கினால் தையல் விடாது, துணிதான் கிழியும். ஒகேனக்கல்லில் அதுதான் நடந்திருக்கிறது.

சர்க்கரை பார்த்ததில்லை. அப்பாவுக்கு இருந்தது.


அரூர்க்காரி:

அண்ணா, 8000 எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. படித்த பதில் இல்லை. என் ஆயாவைப் பற்றியது.

சித்தேரி மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். ஆயா சுளுக்கு நீவும். அதற்கென்று போர்டு எதுவும் கிடையாது, சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியும். விடியற்காலை வெறும் வயிற்றில் வரவேண்டும், மூன்று நாள் தொடர்ந்து வரவேண்டும். இரும்புக் கரண்டியில் விளக்கெண்ணெயை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, முதலில் தன் முழங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளும். வந்தவரின் காலையோ கையையோ மடியில் வைத்துக்கொண்டு உடனே நீவாது. புறங்கையை வைத்துச் சூடு பார்க்கும், நல்ல பக்கத்தோடு ஒப்பிடும். அப்புறம் கட்டைவிரலால், ஒரே திசையில், கோழிக்குஞ்சைத் தடவுவது போல. கத்துகிற மாதிரி அழுத்தி நான் பார்த்ததில்லை. புளி கொட்டை எடுத்து எடுத்துக் காய்த்துப்போன கைதான், ஆனால் மேலே பட்டால் அது தெரியாது.

வீக்கம் கோணலாக இருந்தாலோ, தொட்டதும் ஆள் துடித்தாலோ ஆயா கையை எடுத்துவிடும். “இது எலும்பு. என் கையில இல்ல சாமி. புத்தூருக்குப் போ, இல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போ.” அவ்வளவுதான், எண்ணெயைக்கூட வைக்காது. கூலி வெற்றிலை பாக்கும் ஒன்றேகால் ரூபாயும். எனக்கு விவரம் தெரிந்த பிறகும் அதே ஒன்றேகால்தான். அந்தக் கால் ரூபாய்க்கு ஊரெல்லாம் சில்லறை தேடுவார்கள்.

நீவி முடித்ததும் சட்டம் போடும். மூன்று நாளைக்குத் தண்ணீர் சேந்தக் கூடாது, விறகு தூக்கக் கூடாது, களி கிண்டக் கூடாது. (களி கிண்டியவர்களுக்குத் தெரியும், தோளுக்கு அதைவிடக் கெட்ட வேலை இல்லை.) ஆனால் படுத்தே கிடக்கவும் கூடாது, தினமும் நடந்து வரவேண்டும்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு மருமகப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் போன பிறகு, “ஆயா, நெசமாவே உன் கையில சரியாவுதா, தானா சரியாவுதா?” என்று கேட்டேன். கரண்டியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னது:

“தானாத்தான் ஆவுது. மூணு நாளு சும்மா இருந்தா எந்தச் சுளுக்கும் பாதி போயிரும். ஆனா அவளைச் சும்மா இருக்க எவ உடுவா? தண்ணி சேந்தாதன்னு டாக்டரு சொன்னாலும் மாமியாக்காரி உட மாட்டா. ஆயா சொல்லிச்சின்னா உடுவா. நான் நீவுறது இடுப்பை மட்டுமில்லடி.”

அதனால் உங்கள் கணக்கில் எனக்குத் தெரிவது இது. 900 ரூபாய் கொடுத்தால் நீங்கள் முக்கால் மணி நேரம் கத்திரி பிடிக்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறீர்கள். 26 வருடத்தில் பகல் நேரத்தில் அப்படிக் கிடந்திருக்கிறீர்களா? அன்று ராத்திரி தூக்கம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அதை ஓசூர் போய்த்தான் வாங்க வேண்டுமா என்பது வேறு விஷயம். தருமபுரி பெரியாஸ்பத்திரியில் சித்தா பிரிவு இருக்கிறது. இப்படி நீவிப் பிடித்துவிடுவதைச் சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று சொல்வார்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை வைத்திருக்கிறார்கள். போனால் முறுக்கல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.


ஓசூர் பி ஷிப்ட்:

எல்லோரும் சேர்ந்து சும்மா கிடந்ததுதான் வைத்தியம் என்கிறீர்கள். அப்படியென்றால் வீட்டில் நான் சும்மா கிடக்கும்போது ஏன் கழுத்து இளகவில்லை? கை பட்டால்தானே இளகியது? பிசியோ சார் இதற்குப் பதில் சொல்லட்டும்.


தருமபுரி பிசியோ:

நியாயமான கேள்வி தம்பி. கை பட்டதில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. நம் தோலில், முடி இருக்கிற பகுதிகளில், மெதுவாகத் தடவுவதை மட்டும் அறிகிற நரம்பிழைகள் தனியாக உண்டு. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல் சூடுள்ள கையால் தடவும்போது அவை நன்றாக வேலை செய்கின்றன. வேகமாகத் தேய்த்தால் கண்டுகொள்வதில்லை. அரூர் அக்காவின் ஆயா கோழிக்குஞ்சைத் தடவுவது போல என்றார்களே, கிட்டத்தட்ட அந்த வேகம். அப்படிப் பட்டால் மனசு அடங்குகிறது, வலிக்கிற இடத்தைக் காக்க இறுக்கிப் பிடித்திருக்கிற தசை விட்டுக்கொடுக்கிறது, தூக்கம் வருகிறது. உங்கள் கழுத்தில் இருந்தது பெரும்பாலும் தசை இறுக்கம், அது இளகிவிட்டது. டெய்லர் ஐயாவுக்குச் சுருங்கியிருப்பது உறை. தடவினால் அதைச் சுற்றியுள்ள தசை ஆறும், உறை தன் கணக்குப்படிதான் விடும். உங்கள் ஆறு சிட்டிங்கும் அவருடைய பத்து சிட்டிங்கும் ஒரே பொருள் இல்லை. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

பத்துக்கும் முன்பணம் வாங்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. போவனாக இருந்தாலும் சரி, பிசியோவாக இருந்தாலும் சரி.


ஓசூர் பி ஷிப்ட்:

முன்பணம் நானும் கட்டவில்லை சார். ஒவ்வொன்றாகத்தான் கொடுத்தேன்.


பாப்பாரப்பட்டி டெய்லர்:

ஆறு மாதம் ஆகிவிட்டது. திரியைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுகிறேன். பதில் சொன்னவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா?

வெறும் வயிற்றில் சர்க்கரை 168. மூன்று மாதச் சராசரி பார்க்கும் டெஸ்ட்டில் 8.4. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தோள் வலிக்காமல் இருந்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்களா என்றார். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. மூட்டில் ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், கொஞ்சம் அடங்கட்டும் என்று மூன்று வாரம் தள்ளித்தான் போட்டார். ஊசிக்குப் பிறகு ராத்திரி வலி நன்றாகக் குறைந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

8000 கட்டவில்லை. ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், ஓசூருக்கு இன்னும் இரண்டு தடவை போனேன், தனித்தனியாக 900 கொடுத்து. அரூர்க்கார அம்மா எழுதியதைப் படித்த பிறகு போனதுதான். இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்கவில்லை, நன்றாகத் தூங்கிவிட்டேன். அவர் எத்தனை தடவை வெளியே போனார், வந்தார், ஒன்றும் தெரியாது. மூன்றாவது தடவைக்குப் பஸ் ஏறப் போனவன், அந்த ஒரு நாளைக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டிலேயே கிடந்தால் என்ன என்று திரும்பிவிட்டேன். கிடந்தேன். மதியம் இரண்டு வாடிக்கையாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஆயாவின் சட்டம் என் வீட்டில் செல்லாது போலிருக்கிறது.

மீட்டர் கட்டைப் பயிற்சி தினமும் நடக்கிறது. கடையில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், விரல் எதுவரை ஏறுகிறது என்று. முதல் கோடு 48 அங்குலத்தில். மூன்று மாதம் அது அசையவே இல்லை, 49, 49, 48 என்று ஆட்டம் காட்டியது. யூனிஃபார்ம் சீசனில் ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்து ஓட்டினேன், லாபம் அவனுக்கே போயிற்று. ஆகஸ்டுக்கு அப்புறம்தான் 53, 56, 58 என்று வந்தது. நேற்று 61. இரண்டாவது தட்டு எட்டுகிறது. லைனிங் துணி இருக்கும் மேல் தட்டுக்கு இன்னும் முக்காலிதான்.

டேப்பை முதுகைச் சுற்றிக் கொண்டுபோக இப்போது கை வருகிறது. ஆனாலும் அளவு எடுக்கும்போது என் மனைவி எழுந்து வந்து மறுமுனையைப் பிடிக்கிறாள். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. இரண்டு பேராகப் பிடித்தால் அளவு பிசகுவதில்லை.

பிசியோ சாருக்கு ஒரு சந்தேகம். நாலு நாளாக ராத்திரி இடது பக்கம் படுத்தால் லேசாகக் குத்துகிறது. கை எல்லாப் பக்கமும் போகிறது, கதவும் திறக்கிறது. வலது தோளுக்காக இடது கைக்கு வேலை கூடியதால் வந்த வலியா, இல்லை அதுவேதானா?


தருமபுரி பிசியோ:

மற்ற தோளுக்கும் வருவது உண்டு ஐயா, சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். எதற்கும் சுவரில் இடது கைக்கும் ஒரு கோடு இன்றைக்கே போட்டு வையுங்கள். இந்த வாரம் ஒருநாள் நேரில் வாருங்கள். மூன்று மாதச் சராசரி மறுபடி பார்த்தீர்களா?


பாப்பாரப்பட்டி டெய்லர்:

இல்லை சார். தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது. திங்கட்கிழமை வருகிறேன், வெறும் வயிற்றோடு. கோடு போட்டாயிற்று. 70 அங்குலம்.